தொலைமருத்துவ மையம்: நோயாளியின் பக்கத்தில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

மருத்துவரும் நோயாளியும் வெவ்வேறு இடங்களில் இருக்கும்போது, தொலைபேசி, வீடியோ அழைப்பு, குறுஞ்செய்தி, படப் பரிமாற்றம் முதலிய தகவல் தொடர்பு வழிகளைக் கொண்டு நோயை ஆராய்ந்து, ஆலோசனை கூறி, மருந்து எழுதித் தருவதைத் தொலைமருத்துவம் என்பர். இந்தியாவில் இதற்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள அரகொண்டா என்னும் சிற்றூரில் அப்போலோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஒரு தொலைமருத்துவ மையத்தைத் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தொலைவிலுள்ள மருத்துவமனைகளைச் செயற்கைக்கோள் வழியாக நகரத்துச் சிறப்பு மருத்துவமனைகளோடு இணைக்கும் பணியில் இறங்கியது. அக்காலத்தில் கருவியும் இணைப்பும் கிடைப்பதே அரிதாக இருந்தமையால், அவற்றைப் பெற்றுவிட்டால் வேலை முடிந்ததென்ற எண்ணம் திட்டம் வகுப்போரிடம் ஊன்றிவிட்டது. கைபேசியும் இணையமும் சிற்றூர்களை எட்டிவிட்ட இன்றும் அந்த எண்ணம் மறையவில்லை என்பதற்கு, திறப்பு விழா நாளில் இயங்கிப் பிறகு பூட்டிக் கிடக்கும் அறைகளே சான்று.

இவ்வத்தியாயம் ஊராட்சி அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், துணை சுகாதார நிலையப் பணியாளர்கள் ஆகியோரைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. மருத்துவமனையின் பக்கத்தில் செய்ய வேண்டிய ஏற்பாடுகளை மருத்துவமனைகள் தாமே பார்த்துக்கொள்ளும். அவற்றுக்கு ஆளும் பணமும் உண்டு. கவனிப்பாரற்றுப் போவது நோயாளி அமர்ந்திருக்கும் பக்கமே. அங்கே யார் இருக்கிறார், அவருக்கு என்ன தெரியும், அழைப்பு முடிந்தபின் மருந்து எங்கே கிடைக்கும் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காணாமல் கணினி வாங்குவது வீண் செலவாகும்.

கண் மருத்துவத்திலிருந்து ஒரு முன்மாதிரி

மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் இலவசக் கண் முகாம்கள் நடத்தியே பெயர் பெற்றது. ஆனால் அந்த முகாம்கள் உண்மையில் எத்தனை பேரை எட்டின என்று ஆராய்ந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினரே முகாமுக்கு வந்தனர் என்று கண்டது. முகாம் ஊருக்கு அருகில் நடந்தது, கட்டணமும் இல்லை, இருந்தும் பெரும்பாலோர் வரவில்லை. அறுவை சிகிச்சை குறித்த அச்சம், கூட வருவதற்கு ஆளில்லாமை, வீட்டுப் பொறுப்புகள், இந்த அளவுக்குக் கண் தெரிந்தால் போதும் என்ற மனநிலை ஆகியவை தடைகளாக நின்றன. ஒரு நாள் மட்டும் வந்து போகும் மருத்துவம் இத்தடைகளைத் தாண்ட முடியாது என்பதும், ஊருக்குப் பக்கத்திலேயே நிலையாக இருந்து நாள்தோறும் திறந்திருக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதும் அதிலிருந்து பெறப்பட்ட முடிவுகள்.

அம்முடிவின் விளைவாக 2000-களின் நடுப்பகுதியில் தேனி வட்டாரத்தில் உருவாகத் தொடங்கியவையே 'விஷன் சென்டர்' எனப்படும் பார்வை மையங்கள். ஒரு சிறு வாடகைக் கட்டடம், கண்ணாடி பவர் பார்க்கும் கருவிகள், கண்ணின் முன்பகுதியை உருப்பெருக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப், ஒரு கணினி, கண்ணாடி விற்கும் சிறு பகுதி ஆகியவையே ஒவ்வொரு மையத்தின் உடைமைகள். கிராமப்புறத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டு ஆண்டுகள் பயிற்றுவித்து அரவிந்த் உருவாக்கும் கண் மருத்துவ உதவியாளர்களே அங்கே நோயாளியை முழுமையாகச் சோதிக்கின்றனர். அவர்கள் பதிந்தவற்றையும் எடுத்த படங்களையும் பார்த்து, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் நோயாளியோடு நேரலையில் சில நிமிடம் பேசி முடிவு சொல்கிறார். வந்தவர்களில் பெரும்பகுதியினருக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ அங்கேயே கிடைத்துவிடுகிறது. புரை, கண்நீர் அழுத்தம் போன்றவற்றுக்கு மட்டும் நோயாளி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல் இயங்குகின்றன.

இம்முன்மாதிரியில் கணினி வகிக்கும் பங்கு குறைவு என்பது கவனத்திற்குரியது. மருத்துவரின் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கும் சோதனை வேலையைப் பயிற்சி பெற்ற ஒருவர் முன்கூட்டியே முடித்துவிடுவதால்தான், மருத்துவர் ஒருவர் ஒரே நாளில் பல மையங்களுக்குப் பதில் சொல்ல முடிகிறது. உதவியாளரை நீக்கிவிட்டு நோயாளியையும் மருத்துவரையும் நேரே திரையில் சந்திக்க வைத்தால், மருத்துவர் கேட்டுக் கேட்டே அறிய வேண்டியிருக்கும். கண்ணைப் பொறுத்தவரை கேட்டு அறியக்கூடியது மிகக் குறைவு. இதே காரணத்தால் தோல் நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம், மகப்பேறு காலக் கண்காணிப்பு போன்ற துறைகளுக்கும் இவ்வமைப்பு பொருந்துகிறது. வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நோய்களுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

மையத்தில் இருக்க வேண்டியவர்

தொலைமருத்துவ மையத்தின் முதல் தேவை பயிற்சி பெற்ற உதவியாளர் என்பது மேலே கூறியவற்றால் விளங்கும். துணை சுகாதார நிலையமாயின் அங்குள்ள கிராம சுகாதார செவிலியரோ இடைநிலை சுகாதாரப் பணியாளரோ இப்பணியை ஏற்பார். தொண்டு நிறுவனம் நடத்துவதாயின், செவிலியர் பயிற்சியோ ஆய்வக நுட்பப் பயிற்சியோ பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவரை அமர்த்துவது நல்லது. கணினி தெரிந்தவருக்கு மருத்துவம் கற்பிப்பதைக் காட்டிலும் செவிலியருக்குக் கணினி கற்பிப்பது எளிது. ஆள் எடுக்கும்போது இந்த வரிசை பல இடங்களில் தலைகீழாகிவிடுகிறது.

அவருக்குக் கற்பிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது அளவெடுக்கும் ஒழுங்கு. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் நோயாளி ஐந்து நிமிடமாவது முதுகு சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி அமர்ந்திருக்க வேண்டும்; கை மேசைமேல் நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும்; பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். பேருந்திலிருந்து இறங்கி நேரே வந்து நிற்பவருக்கு அழுத்தம் எடுத்து அனுப்பினால், அதை நம்பித் தொலைவிலிருக்கும் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிவிடக்கூடும். பல்ஸ் ஆக்சிமீட்டர் எனப்படும் இரத்த ஆக்சிஜன் அளவிடும் கருவி, நகப்பூச்சு இருந்தாலோ விரல் குளிர்ந்திருந்தாலோ தவறான எண்ணைக் காட்டும். குளுக்கோமீட்டரில் இரத்தச் சர்க்கரை பார்க்கும்போது, அது வெறும் வயிற்றில் எடுக்கப்பட்டதா உணவுக்குப் பின் எடுக்கப்பட்டதா என்பதை எண்ணோடு சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. நேரில் பார்க்கும் மருத்துவர் ஐயம் வந்தால் மறுபடி தாமே அளந்துகொள்வார். தொலைவிலிருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால் பிழையின் விளைவு இங்கே பெரிது.

படம் எடுப்பதும் ஒரு கலையே. புண், தடிப்பு, வீக்கம் ஆகியவற்றைச் சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒருமுறை தொலைவிலிருந்தும் ஒருமுறை அருகிலிருந்தும் எடுக்க வேண்டும். அருகே ஓர் அளவுகோலை வைத்தால் புண் வளர்கிறதா ஆறுகிறதா என்று அடுத்த முறை ஒப்பிட முடியும். இவ்வாறு படத்தையும் குறிப்பையும் முதலில் அனுப்பிவிட்டு, மருத்துவர் பிறகு தம் நேரத்தில் பார்த்துப் பதில் எழுதுவதைச் சேமித்து அனுப்பும் முறை என்பர். தோல் நோய்க்கும் நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கண்டறிவதற்கும் இதுவே ஏற்றது. இணைப்பு நலிந்த ஊர்களுக்கு வேறு எந்த முறையைக் காட்டிலும் இது உகந்தது. விழித்திரைப் படங்களைக் கணினியே ஆராய்ந்து பாதிப்பைச் சொல்லும் மென்பொருளை உருவாக்கிய கூகுளின் ஆய்வு 2016-இல் வெளிவந்தபோது, அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் அதில் பயன்பட்டன. எனினும் இந்திய விதிமுறைகளின்படி செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மருத்துவருக்குத் துணைபுரியலாமேயன்றி, தானே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது.

இணைப்பும் மின்சாரமும்

தேனிப் பகுதியில் தொலைபேசிக் கம்பி வழி இணைப்பு போதாமலிருந்த காலத்தில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவிகளையே திசை நோக்கிய ஆண்டெனாக்களுடன் உயர்ந்த கோபுரங்களில் பொருத்தி, மருத்துவமனைக்கும் பார்வை மையங்களுக்கும் இடையே நெடுந்தொலைவு இணைப்பை ஏற்படுத்தினர். அந்த அனுபவத்தைத் தொகுத்து 2008-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் மலையையோ தொலைவையோ காட்டிலும் பெரும் எதிரியாகக் கூறப்பட்டது மின்சாரத்தின் தரக்குறைவு. திடீரென ஏறியிறங்கும் மின்னழுத்தம் கருவிகளைப் பழுதாக்கியது; பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய உள்ளூரில் ஆளில்லாமல் நாட்கள் கழிந்தன.

ஆகவே மையம் அமைப்போர் கேமராவின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், ஸ்டெபிலைசர், பேட்டரியுடன் கூடிய யு.பி.எஸ்., நல்ல எர்த் இணைப்பு ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும். இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை வைத்திருப்பதும், ஒன்று செயலிழந்தால் மற்றொன்றுக்கு மாற உதவியாளருக்குத் தெரிந்திருப்பதும் அவசியம். படம் தெளிவற்றுப் போனாலும் பேச்சு கேட்டால் ஆலோசனை நடக்கும். பேச்சு அறுந்தால் எதுவும் நடக்காது. எனவே மலிவான கேமராவும் நல்ல மைக்கும் வாங்குவதே சரியான தேர்வு. நோயாளியின் முதுகுக்குப் பின்னால் சன்னல் இருக்கக் கூடாது. முகம் கருத்துத் தெரியும். அறைக்குக் கதவோ, குறைந்தபட்சம் திரைச்சீலையோ வேண்டும். மற்றவர் காதில் விழுமென்ற அச்சத்தால் பெண்கள் வெள்ளைப்படுதலையும் இளைஞர்கள் மனச்சோர்வையும் சொல்லாமலே எழுந்துபோவர்.

எல்லாவற்றுக்கும் வீடியோ தேவையில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்தக் கைபேசியிலிருந்தும் அழைக்கலாம். அதற்கு ஸ்மார்ட்போனோ இணையமோ வேண்டியதில்லை. இந்த எண்ணை மையத்தின் சுவரில் பெரிதாக எழுதிவைப்பது செலவில்லாத நற்பணி.

ஆலோசனையின் விதிமுறைகள்

இந்தியாவில் தொலைமருத்துவத்தின் சட்ட நிலை நெடுங்காலம் தெளிவற்றிருந்தது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்ட தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களே அதைத் தீர்த்துவைத்தன. அவற்றின்படி, பதிவு பெற்ற மருத்துவர் எவரும் நாட்டின் எப்பகுதியிலுள்ள நோயாளிக்கும் வீடியோ, குரல், எழுத்து ஆகிய எவ்வழியிலும் ஆலோசனை வழங்கலாம். நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று அவர் கருதினால் எந்தக் கட்டத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இடம்பெற வேண்டும்.

மையத்தின் உதவியாளர் அறிந்திருக்க வேண்டிய முக்கிய விதி ஒப்புதல் பற்றியது. நோயாளி தாமே மருத்துவரை அழைத்தால் அவர் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். சுகாதாரப் பணியாளரோ பராமரிப்பாளரோ அழைப்பைத் தொடங்கினால் நோயாளியின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். மையத்தில் நடப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை என்பதால், 'உங்கள் விவரங்களை இந்த மருத்துவரிடம் சொல்லப்போகிறோம், உங்களுக்குச் சம்மதமா?' என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்வதை ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். 16 வயதுக்குட்பட்டவருடன் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

மருந்துகளும் பட்டியல்களாக வகுக்கப்பட்டுள்ளன. காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்ற பொதுவான மருந்துகளை எவ்வழி ஆலோசனையிலும் எழுதலாம். அடுத்த பட்டியலில் உள்ளவற்றை முதன்முறையாக எழுத வீடியோ ஆலோசனை தேவை. மூன்றாவது பட்டியலில் உள்ளவற்றை, அதே நோய்க்காக அண்மையில் நேரில் பார்க்கப்பட்டவருக்கு மறு ஆலோசனையின்போது மட்டும் சேர்த்து எழுதலாம். ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் அது மறு ஆலோசனை எனக் கொள்ளப்படும். போதை தரும் மருந்துகள் பொதுவாக விலக்கப்பட்டவை. தூக்க மாத்திரையைத் தொடர்ந்து கேட்டு வருபவரிடம் மருத்துவர் மறுத்துவிடும்போது, அது விதியால் வந்த மறுப்பு என்பதை எடுத்துச்சொல்லும் பொறுப்பு உதவியாளருடையது.

இவ்விதிகளின் கீழ் பொதுமக்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் பெரிய சேவை, சி-டாக் நிறுவனத்தின் மொகாலி மையம் உருவாக்கிய இ-சஞ்சீவனி. இது இரண்டு வடிவங்களில் இயங்குகிறது. 2019 நவம்பரில் தொடங்கிய முதல் வடிவம், சுகாதார நிலையப் பணியாளர் நோயாளியை உடன் வைத்துக்கொண்டு மருத்துவரை அழைப்பது. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது வந்த இரண்டாம் வடிவம், நோயாளி வீட்டிலிருந்தே கைபேசியில் பதிந்து, ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லை உள்ளிட்டு, டோக்கன் பெற்று, வரிசையில் காத்திருந்து மருத்துவரோடு பேசுவது. பேசி முடிந்ததும் மருந்துச் சீட்டைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். முதியோரும் எழுத்தறியாதோரும் மிகுந்த ஊர்களில் முதல் வடிவமே பலன் தரும் என்பது, பார்வை மையங்களைப் பற்றி மேலே சொன்னவற்றைப் படித்தவர்க்கு வியப்பளிக்காது.

அவசர நோய்க்குத் தொலை ஆலோசனை மாற்றாகாது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒருபக்கக் கை கால் செயலிழப்பு, கருவுற்றவருக்கு இரத்தப்போக்கு, பாம்புக்கடி ஆகியவற்றுடன் வருபவரைத் திரைமுன் உட்காரவைத்துக் காலம் கடத்தாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அவசரத்திலும் தொழில்நுட்பத்திற்கு இடமுண்டு. ஆனால் அது மருத்துவமனைகளுக்கு இடையிலான இடம். மாரடைப்பு நோயாளிகளுக்காகத் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு திட்டத்தில், சிறிய மருத்துவமனையில் எடுக்கப்பட்ட ஈசிஜி பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவருக்கு உடனே அனுப்பப்பட்டது. அவருடைய முடிவின்படி இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி சிறிய மருத்துவமனையிலேயே போடப்பட்டு, அதன்பின் நோயாளி பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். 2017-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஓராண்டுக்குள் இறந்தோரின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. எனவே தத்தம் மாவட்டத்தில் ஈசிஜி எடுத்து உடனே இதய மருத்துவரின் கருத்தைப் பெறக்கூடிய மருத்துவமனை எது என்பதை மையம் முன்கூட்டியே கேட்டறிந்து எழுதிவைத்திருக்க வேண்டும்.

அழைப்பு முடிந்த பின்

தொலைமருத்துவத்தின் பெரும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. மருந்துச் சீட்டு கைபேசியில் வந்து சேர்ந்தபின், அந்த மருந்தை வாங்க நோயாளி 15 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியிருந்தால், மருத்துவரைப் பார்க்க முன்பு செய்த பயணத்தை இப்போது மருந்துக்கடைக்குச் செய்கிறார், அவ்வளவே மாற்றம். மையம் தொடங்குமுன்பே, ஆலோசனை தரும் மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் மருந்துகளின் பட்டியலைப் பெற்று, அவை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பில் உள்ளவையா என ஒப்பிட வேண்டும். இல்லாதவற்றுக்கு மாற்றாக இருப்பில் உள்ளதை எழுதும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான மருத்துவர்கள் இதற்கு இசைவர், கேட்பதற்குத்தான் ஆளிருப்பதில்லை.

இவ்வகையில் தமிழ்நாடு பேறு பெற்றது. 1994-இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, இருப்பைக் கணினி வழியே கண்காணித்து வழங்கும் முறையைத் தொலைமருத்துவம் என்ற சொல் பரவுவதற்கு முன்பே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மருத்துவத்தில் மின்னணுத் தொழில்நுட்பம் ஏழைகளுக்குச் செய்த நன்மைகளை வரிசைப்படுத்தினால், எவரும் பேசாத இந்தக் கிடங்குக் கணக்குக்கு முதலிடம் தரலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு நோய் உள்ளவர்களின் வீட்டுக்கே பெண் தன்னார்வலர்கள் மாத்திரைகளைக் கொண்டுசேர்க்கின்றனர். தொலைவழி ஆலோசனையில் மாத்திரையின் அளவு மாற்றப்பட்டால், அந்த மாற்றம் தன்னார்வலரின் பட்டியலிலும் அன்றைக்கே ஏற வேண்டும். இல்லையேல் மருத்துவர் ஒன்று சொல்ல, வீட்டு வாசலில் வேறொன்று வந்து சேரும். மையத்தின் உதவியாளரும் அவ்வூர்த் தன்னார்வலரும் வாரம் ஒருமுறை சந்தித்துப் பட்டியலைச் சரிபார்ப்பது இதற்குப் போதுமானது.

மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் உண்மையில் போனாரா என்பதைப் பின்தொடர்வது அடுத்த கடமை. ஒரு நோட்டில் பெயர், அனுப்பிய நாள், அனுப்பிய இடம், காரணம், போய்ச் சேர்ந்தாரா, என்ன சொன்னார்கள் என்று பத்திகள் இட்டு, பதினைந்து நாளுக்கொருமுறை வெற்றாகக் கிடக்கும் இடங்களைப் பார்த்து அவ்வீடுகளுக்கு ஆளனுப்ப வேண்டும். எத்தனை அழைப்புகள் நடந்தன என்பதைப் பெருமையாக அறிக்கையில் காட்டும் மையங்கள் பல. இந்த நோட்டைக் காட்டக்கூடிய மையங்கள் சில. நிதி தருவோர் பார்க்க வேண்டியது இரண்டாவதையே.

விடுபடுவோர்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் 33 சதவீதத்தினரும் ஆண்களில் 57 சதவீதத்தினருமே எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர். தமிழ்நாட்டில் இவ்விகிதம் பெண்களிடையே ஏறத்தாழ 47, ஆண்களிடையே 71. அதன்பின் பயன்பாடு பெருகியிருக்கும் என்றாலும், வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் இருந்து அதுவும் கணவரோடோ மகனோடோ வேலைக்குப் போய்விடும் நிலை மறைந்துவிடவில்லை. ஓ.டி.பி. மகனின் கைபேசிக்குப் போனால், தாய் தம் நோயை முதலில் மகனிடம் சொல்லியாக வேண்டும். ஆகையால் மையத்துக்கென ஒரு கைபேசி எண்ணை வைத்துக்கொண்டு, சேவை அனுமதிக்கும் அளவுக்கு, நோயாளியின் ஒப்புதலோடு அதன்வழியே பதிவு செய்வதும், நேரில் வந்து பெயர் கொடுப்போருக்கு முன்னுரிமை அளிப்பதும் நியாயம். செயலி வழியாக மட்டுமே நேரம் ஒதுக்குவது என்ற முடிவை எந்த மையமும் எடுக்கக் கூடாது. அது நோய் மிகுந்தவர்களை வடிகட்டி வெளியே நிறுத்திவிட்டு, நலமுள்ளவர்களை உள்ளே அழைக்கும் முறையாகும்.

மொழியும் ஒரு தடையே. வேறு மாநிலத்து மருத்துவர் இணைப்பில் வரும்போது உதவியாளர் மொழிபெயர்ப்பாளராகவும் மாறுகிறார். 'கிறுகிறுப்பு', 'மயக்கம்', 'தலைசுற்றல்' என்று மூவர் மூன்று விதமாகச் சொல்வதை ஒரே சொல்லாக்கி அனுப்பாமல், எப்போது வருகிறது, நின்றாலா படுத்தாலா என்று கேட்டு விளக்கமாகச் சொல்ல அவருக்குப் பயிற்சி தேவை.

பதிவுகளின் பாதுகாப்பு

2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுமைக்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ், விரும்புவோர் 'ஆபா' எனப்படும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணைப் பெறலாம். வெவ்வேறு மருத்துவமனைகளில் உள்ள பதிவுகளை ஒருவருடைய ஒப்புதலின் பேரில் ஒன்றாகப் பார்க்க இது வழிசெய்கிறது. பல மருத்துவமனைகளில் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் படித்து, வரிசையில் நெடுநேரம் நிற்காமல் ஓ.பி. சீட்டுப் பெறவும் உதவுகிறது. இதைப் பெறுவது கட்டாயமன்று. ஆபா எண் இல்லை என்பதற்காக எவருக்கும் ஆலோசனையை மறுக்கலாகாது என்பதை மையத்தின் வாசலில் எழுதிவைப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். தமிழ்நாட்டில் கருவுற்றோரைப் பதிவு செய்து வழங்கப்படும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் வேறு, இது வேறு. பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்குக் கேட்கப்படுவது முன்னது. கிராமங்களில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாக எண்ணப்படுகின்றன.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களை எந்த நோக்கத்துக்காகப் பெறுகிறோமோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை முன்வைக்கிறது. நடைமுறையில் இதற்குப் பொருள், உதவியாளரின் சொந்தக் கைபேசியில் நோயாளிகளின் படங்கள் தங்கக் கூடாது என்பதும், ஊர் வாட்ஸ்அப் குழுவில் எவருடைய பரிசோதனை முடிவும் வரக் கூடாது என்பதும் ஆகும். மருந்துச் சீட்டை மருந்துக்கடைக்கு நேரடியாக அனுப்புவதற்கும் நோயாளியின் வெளிப்படையான ஒப்புதல் தேவை. எந்தக் கடை என்பதை அவரே தேர்வார்.

நிதி முடிந்து மையம் மூடப்படும் நாளுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய அளவுகளும் மருந்துகளும் அடங்கிய ஒரு தாள் அச்சிட்டுக் கொடுக்கப்பட வேண்டும்; தொடர்ந்து மருந்து உண்போரின் பட்டியல், அவர்களின் சம்மதத்தோடு, அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும்; கணினியை விற்பதற்கோ வேறு பணிக்கு மாற்றுவதற்கோ முன் அதிலுள்ள படங்களும் பதிவுகளும் மீட்க முடியாதவாறு அழிக்கப்பட்டதற்கு இருவர் கையொப்பமிட வேண்டும். இந்த மூன்றையும், மையம் தொடங்கும்போது கையெழுத்தாகும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது நன்று.